சீனப் பீங்கான் பிறந்த கதை: மண்பானையிலிருந்து வெண்பீங்கான் வரை, படிப்படியாக ஒரு வழிகாட்டி

பீங்கானைக் கண்டுபிடித்தது யார், எப்போது என்று தேடிப் பார்த்தால் தலை சுற்றும். ஒருவர் சீனாவின் ஷாங் வம்சக் காலம் என்பார், கி.மு. 1600 வாக்கில். இன்னொருவர் கிழக்கு ஹான் காலம், கி.பி. 2ஆம் நூற்றாண்டு என்பார். மூன்றாமவர் கி.பி. 600 என்பார். யுவான் காலம் என்று 14ஆம் நூற்றாண்டுக்கே கொண்டுபோகிறவர்களும் உண்டு. கிட்டத்தட்ட மூவாயிரம் ஆண்டு இடைவெளி! ஆனால் இதில் யாரும் தப்பாகச் சொல்லவில்லை. பீங்கான் என்று எதைச் சொல்கிறோம் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

பல வருடங்களாக அருங்காட்சியகங்களில் இந்தப் பாத்திரங்களுக்கு முன்னால் நின்று நின்று எனக்குப் பிடிபட்டது ஒன்று உண்டு. இதை மண்ணின் கதையாகப் படித்தால் பாதிதான் புரியும். சூளையின் கதையாகப் படித்தால் எல்லாம் வரிசையாக வந்து உட்காரும். நல்ல வெள்ளை மண் உலகத்தில் பல இடங்களில் கிடைக்கிறது. நெருப்பை 1,300 டிகிரி வரை ஏற்றி, அதை இறங்கவிடாமல் பிடித்து வைத்து, உள்ளே போகும் காற்றையும் கட்டுப்படுத்த முதலில் கற்றுக்கொண்டவர்கள் சீனக் குயவர்கள். அதனால்தான் பீங்கான் அங்கே பிறந்தது.

கீழே உள்ள படிகளை வரிசையாகப் படியுங்கள். முதல் இரண்டு படிகளைத் தாண்டிப் போய்விட வேண்டாம். அவை புரிந்தால்தான் மற்றவை நிற்கும்.

படி 1: மூன்று பாத்திரங்களை எடுத்து வையுங்கள்

வீட்டிலேயே தொடங்கலாம். ஒரு மண்பானை, ஒரு ஊறுகாய் ஜாடி, மெல்லிய வெள்ளைப் பீங்கான் கோப்பை ஒன்று. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

மண்பானையில் தண்ணீர் ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டால் வெளிப்பக்கம் ஈரம் கசியும். அந்தக் கசிவு காற்றில் ஆவியாவதால்தான் பானைத் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது. மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றனவே தவிர, நடுவில் இடைவெளி அப்படியே இருக்கிறது. நம் ஊர்ப் பானைச் சூளையின் வெப்பம் பெரும்பாலும் 900 டிகிரியைத் தாண்டாது.

ஊறுகாய் ஜாடி கசியாது. உப்பும் எண்ணெயும் புளிப்பும் வருடக்கணக்கில் கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. கனமாக இருக்கும், தட்டினால் கெட்டியான சத்தம் வரும். இது ஏறக்குறைய 1,200 டிகிரியில் வெந்தது. ஆனால் டார்ச் வெளிச்சத்தை உள்ளே பிடித்தால் வெளியே தெரியாது. உடைந்த ஜாடி இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள், உள்மண் சாம்பலோ பழுப்போ கலந்த நிறத்தில் இருக்கும். நாம் இதையும் பீங்கான் ஜாடி என்றுதான் சொல்கிறோம். உண்மையில் இது கல்போல் இறுகிய மட்பாண்டம், பீங்கானுக்கு அண்ணன்.

மூன்றாவது கோப்பையை விரல் நகத்தால் சுண்டுங்கள். மணிபோல ஒலிக்கும். உள்ளே டார்ச்சைப் பிடித்தால் விரலின் நிழல் வெளியே தெரியும். அடிப்பாகத்தில் மெருகு, அதாவது கண்ணாடிபோன்ற மேற்பூச்சு, பூசாத வளையம் ஒன்று இருக்கும், அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் உறிஞ்சாமல் அப்படியே நிற்கும்.

இப்போது வரையறைக்கு வருவோம். ஐரோப்பியப் பழக்கத்தில் வெள்ளையாக இருக்க வேண்டும், ஒளி ஊடுருவ வேண்டும், அப்போதுதான் பீங்கான். சீனர்களின் பிரிவினை வேறு. அவர்களுக்கு இரண்டே வகை: 'தாவ்' என்பது நீர் உறிஞ்சும் மட்பாண்டம், 'த்ஸ' என்பது இறுகி, நீர் உறிஞ்சாமல், தட்டினால் ஒலிக்கும் பாத்திரம். நிறம் அங்கே நிபந்தனை இல்லை. ஆகவே பச்சை மெருகுப் பாத்திரம் சீனருக்குப் பீங்கான், ஐரோப்பியருக்கு அது கல்மட்பாண்டம். 2ஆம் நூற்றாண்டா 7ஆம் நூற்றாண்டா என்ற சண்டையில் பாதி இங்கிருந்துதான் வருகிறது. இந்த வழிகாட்டியில் நான் சீனரின் கணக்கைப் பின்பற்றுகிறேன். செய்தவர்களின் கண்ணால் பார்ப்பதுதான் நியாயம் என்பது என் எண்ணம்.

(மலாய் மொழியில் தட்டுக்கு 'பிங்கான்' என்று பெயர். கிழக்குக் கடலில் பாத்திரங்களோடு சேர்ந்து சொற்களும் எவ்வளவு தூரம் பயணம் செய்தன என்று நினைத்துப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது.)

படி 2: நெருப்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பீங்கானுக்கு மூன்று பொருள்கள் வேண்டும். வளைந்து கொடுக்கும் வெள்ளைக் களிமண், அசையாமல் எலும்புக்கூடு போல நிற்கும் குவார்ட்ஸ் (மணலில் இருக்கும் கடினமான படிகம்), உருகிப் பசையாகும் ஏதோ ஒன்று. அந்த உருகும் பொருள் ஃபெல்ஸ்பார் என்ற பாறைக் கனிமமாக இருக்கலாம், அல்லது நம்மூரில் காக்காப்பொன் என்று சொல்கிற மைக்கா வகையாக இருக்கலாம்.

சூளை சூடாகும்போது முதலில் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரம் போகும். அப்புறம் ஏறக்குறைய 450 முதல் 600 டிகிரிக்குள் களிமண்ணின் அணுக்கட்டுக்குள்ளேயே பூட்டியிருந்த நீர் வெளியேறும். இதற்குப் பிறகு அது திரும்பவும் களிமண் ஆகாது, எவ்வளவு நாள் தண்ணீரில் ஊறப்போட்டாலும் குழையாது. 573 டிகிரியில் குவார்ட்ஸ் திடீரென்று கொஞ்சம் பருக்கும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பாத்திரம் வெடிக்கும். 1,000 டிகிரிக்கு மேலே போகப் போக மைக்காவும் ஃபெல்ஸ்பாரும் உருகிக் கண்ணாடியாகித் துகள்களுக்கு நடுவே ஓடும். 1,200ஐத் தாண்டும்போது களிமண்ணுக்குள்ளிருந்து ஊசி ஊசியாக முல்லைட் என்ற படிகம் வளர்ந்து அந்தக் கண்ணாடிக்குள் பின்னிக்கொள்ளும்.

கடலை மிட்டாய் செய்வதைப் பார்த்திருந்தால் இது உடனே புரியும். கடலைதான் குவார்ட்ஸ், பாகுதான் கண்ணாடி. பாகு பதத்துக்கு வராவிட்டால் மிட்டாய் உதிரும், மண்பானை போல. பதத்தில் சரியாக இருந்தால் இடைவெளி எல்லாம் அடைந்து ஒரே கட்டியாகிவிடும். பாகு அதிகமாகிவிட்டால் தட்டில் ஓடிப் பரவும். பீங்கானும் அப்படித்தான், வெப்பம் கொஞ்சம் மிஞ்சினால் நிற்கிற ஜாடி உட்கார்ந்துவிடும். பழைய சூளைக் குப்பைமேடுகளில் இப்படிச் சாய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிப்போன கிண்ணங்கள் குவிந்து கிடக்கின்றன.

இரும்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மண்ணிலும் மெருகிலும் இரும்பு கொஞ்சம் இருந்தாலே நிறம் மாறிவிடும். சூளைக்குள் காற்று தாராளமாக இருந்தால் அந்த இரும்பு மஞ்சளாகவோ பழுப்பாகவோ காட்டும். காற்றைக் குறைத்துப் புகையும் நெருப்பாக வைத்தால், ஆக்சிஜன் பற்றாக்குறையில் அதே இரும்பு பச்சையாகவும் நீலச்சாயலாகவும் காட்டும். மெருகு அதே மெருகு, மண்ணும் அதே மண். அடுப்பில் விறகு தள்ளுகிறவரின் கைதான் நிறத்தைத் தீர்மானிக்கிறது.

கடைசியாகச் சீனாவின் நிலத்தைப் பாருங்கள். வடக்கே, ஹெபெய், ஹெனான் பக்கம் நிலக்கரிப் படிவங்களோடு சேர்ந்து கயோலின் நிறைந்த வெள்ளைக் களிமண் கிடைக்கிறது. வெப்பத்தைத் தாங்கும் அலுமினா அதில் அதிகம், அதனால் வெப்பமும் அதிகம் கேட்கும். தெற்கே, செஜியாங், ஜியாங்ஷி பக்கம் கிடைப்பது பீங்கான் கல். அது குவார்ட்ஸும் மைக்காவும் கலந்த பாறை. அதை இடித்துப் பொடியாக்கித் தண்ணீரில் கலக்கித் தெளியவைத்தால், எலும்புக்கூடும் பசையும் அதிலேயே இருக்கும். தெற்கத்திக் குயவருக்கு இயற்கையே பாதி வேலையை முடித்துக் கொடுத்திருந்தது.

படி 3: ஷாங் காலத்துச் சாம்பல் தூசியிலிருந்து தொடங்குங்கள்

சீனாவில் மட்பாண்டம் மிகப் பழையது. ஜியாங்ஷி மாகாணத்தின் ஷியன்ரென்தோங் குகையில் கிடைத்த ஓடுகள் சுமார் 20,000 ஆண்டுப் பழமை கொண்டவை. ஆனால் பீங்கானை நோக்கிய பாதை பிரிவது கி.மு. 2ஆம் ஆயிரமாண்டில், தெற்கே, இன்றைய செஜியாங்கின் தெச்சிங், ஹூசௌ வட்டாரத்தில்.

அங்கே சூளையின் வெப்பம் 1,200 டிகிரியை நெருங்கியபோது ஒரு விஷயம் தானாகவே நடந்தது. விறகுச் சாம்பல் நெருப்போடு பறந்து பாத்திரங்களின் தோளில் படிந்தது. சாம்பலில் சுண்ணாம்பு இருக்கிறது. அந்த வெப்பத்தில் சுண்ணாம்பு மண்ணின் சிலிக்காவோடு சேர்ந்து உருகிக் கண்ணாடியாகிவிடும். சூளையைத் திறந்து பார்த்தால் சில பாத்திரங்களின் தோளில் மட்டும் பச்சையும் பழுப்புமாகப் பளபளப்பு. தானாக வந்ததைக் கவனித்த யாரோ சிலர், சாம்பலையும் களிமண்ணையும் தண்ணீரில் கரைத்துத் தாங்களே பூசத் தொடங்கினார்கள். மெருகு, நாம் இன்று கிளேஸ் என்று சொல்வது, சீனாவில் இந்தச் சாம்பலிலிருந்து வளர்ந்தது.

இந்தக் காலப் பாத்திரங்களை ஆய்வாளர்கள் முன்பீங்கான் என்று அழைக்கிறார்கள். மண்ணில் இரும்பு இன்னும் கூடுதல், அதனால் உடல் சாம்பல் நிறம். மெருகு மெல்லியது, சீராக இருக்காது, சில இடங்களில் உரிந்துபோயிருக்கும். ஆனாலும் மதிப்பு இருந்தது. வெகு தொலைவில், வடக்கே செங்சௌ என்ற ஷாங் தலைநகரில்கூட இந்த வகைப் பாத்திரங்கள் கிடைத்திருக்கின்றன.

பின்னால், சீனா பல நாடுகளாகப் பிரிந்து போரிட்ட 'போரிடும் நாடுகளின் காலத்தில்' (கி.மு. 5 முதல் 3ஆம் நூற்றாண்டு வரை), தெற்கே யுவே நாட்டு மேட்டுக்குடியினர் வெண்கலத்துக்குப் பதிலாக முன்பீங்கானையே கல்லறையில் வைத்தார்கள். ஜியாங்சு மாகாணம் வூஷிக்கு அருகே ஹோங்ஷான் என்ற இடத்துக் கல்லறைகளில், வெண்கல மணிகளின் வடிவத்தை அப்படியே பின்பற்றி மண்ணில் செய்து மெருகேற்றிய மணிகள் வரிசையாகக் கிடைத்தன. மண்ணை உலோகத்தின் இடத்தில் உட்காரவைக்கும் துணிச்சல் அங்கே தெரிகிறது.

படி 4: டிராகன் சூளையை மனதில் கட்டிப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

ஒரு மலைச்சரிவை நினைத்துக்கொள்ளுங்கள். செங்குத்தாக இல்லாமல், நடந்து ஏறக்கூடிய சரிவு. அதன்மேல் கீழிருந்து மேல்வரை நீளமாக, வளைந்த கூரையோடு ஒரு சுரங்கம் போலச் சூளை. தூரத்திலிருந்து பார்த்தால் மலைமேல் ஊர்ந்து ஏறும் டிராகன் மாதிரி இருக்கும், அதனால்தான் அந்தப் பெயர். தொடக்க காலத்துச் சூளைகள் பத்துப் பதினைந்து மீட்டர் நீளம். பிற்காலத்தில் ஐம்பது மீட்டரையும் தாண்டின.

கீழ்முனையில் அடுப்பு. நெருப்பு மூட்டினால் சூடான காற்று மேல்நோக்கித்தானே போகும்? இங்கே சரிவு முழுவதுமே புகைபோக்கியாக வேலை செய்கிறது. கீழே வெளிச்சமாக எரியும்போது, வீணாகப் போகும் சூடு மேலே அடுக்கியிருக்கும் பாத்திரங்களை மெல்லச் சூடேற்றிக்கொண்டிருக்கும். கீழ்ப்பகுதி பதத்துக்கு வந்ததும், பக்கச் சுவரில் இருக்கும் சின்னத் துளைகள் வழியாக அடுத்த பகுதிக்கு விறகைப் போடுவார்கள். பிறகு அதற்கு மேலே. இப்படி நெருப்பே படிப்படியாக மலை ஏறும். விறகு மிச்சம், வெப்பம் அதிகம், ஒரே தடவையில் ஆயிரக்கணக்கில் பாத்திரம். தெற்கே மலையும் காடும் ஓடையும் பீங்கான் கல்லும் ஒரே இடத்தில் இருந்தது பெரிய வரம்.

வெப்பமானி கிடையாது. துளை வழியே தெரியும் நெருப்பின் நிறம்தான் அளவு. செம்மை, ஆரஞ்சு, மஞ்சள், கடைசியில் கண் கூசும் வெண்மை. உள்ளே ஒரு மாதிரித் துண்டை வைத்து நடுவே கம்பியால் இழுத்துப் பார்க்கும் வழக்கமும் பின்னால் வந்தது.

இந்தச் சூளைகள் தேர்ந்ததன் பலன் கிழக்கு ஹான் காலத்தில், கி.பி. 2ஆம் நூற்றாண்டு வாக்கில், செஜியாங்கின் ஷாங்யு வட்டாரத்தில் தெரிகிறது. அங்கே ஷியாவ்ஷியன்தான் என்ற சூளைத் தலத்தில் கிடைத்த ஓடுகளைச் சோதித்தபோது, அவை ஏறக்குறைய 1,300 டிகிரியில் வெந்தவை என்றும் நீர் உறிஞ்சும் அளவு அரை சதவீதத்துக்கும் குறைவு என்றும் தெரிந்தது. இன்றைய தொழிற்சாலை தன் பீங்கானுக்கு வைக்கும் அளவும் இதற்குப் பக்கத்தில்தான். உடலும் மெருகும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிட்டன. சீனக் கணக்கில் பீங்கான் பிறந்த இடம் இதுதான்.

அடுத்த சில நூற்றாண்டுகளில் இதே வட்டாரத்துப் பச்சைப் பாத்திரங்கள் நாடெங்கும் பரவின. கோழித்தலை வைத்த கெண்டி, தவளை வடிவத்தில் எழுத்தருக்கான நீர்ச்சிமிழ், ஆடு, சிங்க வடிவங்கள். இறந்தவரோடு புதைத்த சில தாழிகளின் வாயில் மாடி வீடுகளும் கூட்டம் கூட்டமாகப் பறவைகளும் மனிதர்களும் நிற்கிறார்கள். யுவே பச்சைப் பீங்கான் என்பது இந்தப் பரம்பரைக்குப் பொதுப்பெயர்.

படி 5: வடக்கே போய் வெண்மையைத் தேடுங்கள்

வெள்ளை என்பது கூடுதலாக எதையோ சேர்த்து வருவதில்லை, இரும்பை விலக்கினால் வருவது. வடக்கத்தி மண்ணில் இரும்பு குறைவு, ஆனால் அதை இறுக வைக்க வெப்பம் அதிகம் வேண்டும். அதனால்தான் தெற்கைவிட வடக்கு நானூறு ஆண்டுபோலப் பின்தங்கியது.

ஹெனான் மாகாணம் அன்யாங்கில் ஃபான் ட்சுய் என்ற அதிகாரியின் கல்லறை 575ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் வெண்சாயல் கொண்ட பாத்திரங்கள் இருந்தன. மெருகு தடிமனாகத் தேங்கிய இடங்களில் இன்னும் பச்சை எட்டிப் பார்க்கிறது. வெள்ளைக்கு முயன்றுகொண்டிருந்த கைகளை அங்கே பார்க்கலாம்.

அதன்பின் ஒரே தலைமுறையில் பெரிய பாய்ச்சல். சுயி வம்சத்துக் காலத்தில், 600ஐ ஒட்டி, ஹெபெய் மாகாணத்தின் ஷிங் சூளைகளில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான சுவர் கொண்ட வெள்ளைக் கோப்பைகள் வந்தன. ஒளி அவற்றின் ஊடே வருகிறது. ஐரோப்பிய வரையறைப்படிப் பார்த்தாலும் இது முழுமையான பீங்கான். இவற்றின் ஓடுகள் நெய்ச்சியூ பகுதியில் தோண்டி எடுக்கப்பட்டன.

தாங் வம்சக் காலத்தில் (618–907) 'தெற்கே பச்சை, வடக்கே வெள்ளை' என்று சொல்லும்படி இரண்டு மரபும் எதிரெதிரே நின்றன. 8ஆம் நூற்றாண்டில் தேநீரைப் பற்றி நூல் எழுதிய லூ யூ இரண்டையும் ஒப்பிட்டிருக்கிறார். ஷிங் வெள்ளி போன்றது, பனி போன்றது, ஆனால் யுவே பச்சைக்கல் போன்றது என்று சொல்லி யுவேவுக்கே முதலிடம் கொடுக்கிறார். காரணம் எளிது: பச்சைக் கிண்ணத்தில் ஊற்றினால் தேநீர் பசுமையாகத் தெரிகிறது. ஒரு பாத்திரத்தை அதில் ஊற்றும் பானத்தோடு சேர்த்து மதிப்பிட்ட அந்தப் பார்வை எனக்கு மிகவும் பிடிக்கும்.

படி 6: தேதி எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பழகுங்கள்

பீங்கானில் பெரும்பாலும் தேதி இருக்காது. 'தாங் காலம்' என்று யாராவது சொன்னால், எதை வைத்து என்று கேளுங்கள். நம்பகமான பதில்கள் மூன்று வகை: தேதியிட்ட கல்லறை, மூடி முத்திரையிட்ட அறை, மூழ்கிய கப்பல். இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

முதலாவது ஃபாமென் கோயில், ஷான்ஷி மாகாணம். அதன் கோபுரம் 1981இல் பாதி இடிந்து விழுந்தது. திருப்பணிக்காகத் தோண்டியபோது, 1987இல், அடியில் ஒரு நிலவறை திறந்தது. 874இல் மூடப்பட்ட அறை. உள்ளே என்னென்ன வைக்கப்பட்டன என்ற பட்டியலும் கல்லில் செதுக்கி உள்ளேயே இருந்தது. 'மர்ம நிறம்' என்று பழைய கவிதைகள் புகழ்ந்த யுவே பீங்கான் எது என்று அதுவரை யாருக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பட்டியலில் பெயர், பக்கத்தில் பொருள். ஆயிரம் ஆண்டுக் கேள்விக்கு ஒரே நாளில் பதில் கிடைத்தது.

இரண்டாவது, இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுக்கு அருகே மூழ்கிய கப்பல். 1998இல் கடல் அட்டை எடுக்க மூழ்கியவர்கள் கண்டார்கள். ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய, மேற்கு ஆசிய வகைக் கப்பல். சரக்கில் சுமார் 60,000 பாத்திரங்கள். பெரும்பாலானவை ஹூனான் மாகாணத்துச் சாங்ஷா கிண்ணங்கள். ஒரு கிண்ணத்தில் 826ஆம் ஆண்டுக்கு நிகரான சீனத் தேதி கீறப்பட்டிருக்கிறது. கப்பலின் காலம் அதையொட்டித்தான்.

அந்தச் சரக்கின் பெரும்பகுதி சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போனால் ஒரே ஒரு சாங்ஷா கிண்ணத்தின் முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். இரண்டு கையும் சேர்த்து ஏந்தும் அளவு. விளிம்பில் நான்கு திசையிலும் பழுப்பு நிறத்தில் ஒவ்வொரு திட்டு. கிண்ணத்தைச் சாயத்தில் பக்கம் பக்கமாகத் திருப்பி முக்கியெடுத்த வேகம் அந்த ஓரங்களில் தெரியும். நடுவே வைக்கோல் நிற மெருகுக்கு அடியில் ஒரு பறவையோ மேகமோ, நாலே இழுப்பில். பக்கத்துக் கிண்ணத்திலும் அதே பறவை, ஆனால் கழுத்து கொஞ்சம் வேறு. ஒரு நாளில் எத்தனை நூறு தடவை அந்தக் கை அதே கோட்டை இழுத்திருக்கும்! பெரிய தாழிகளுக்குள் கிண்ணங்களைச் சுருள் சுருளாக அடுக்கி ஏற்றியிருக்கிறார்கள், ஒரு தாழிக்குள் நூறுக்கும் மேல்.

அதே கப்பலில் மூன்று முழுத்தட்டுகள், வெள்ளைமேல் கோபால்ட் நீலக் கோலத்தோடு, ஹெனானின் கோங்ஷியன் சூளைகளிலிருந்து வந்தவை. நீலமும் வெள்ளையும் யுவான் காலத்தில் திடீரென்று பிறந்தது என்று நினைத்திருந்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. ஐந்நூறு ஆண்டு முன்னமே தொட்டுப் பார்த்திருக்கிறார்கள், பிறகு விட்டுவிட்டார்கள்.

கப்பல் மூழ்கிய சில பத்தாண்டுகளில், 851இல், ஓர் அரபுப் பயணக் குறிப்பு சீனர் மண்ணில் செய்யும் கோப்பைகளில் தண்ணீர் வெளியிலிருந்தே தெரிகிறது என்று வியக்கிறது.

படி 7: சொங் காலத்தை நெருப்பை வைத்துப் படியுங்கள்

சொங் வம்சக் காலத்துப் (960–1279) பீங்கான் என்றால் ஐந்து பெரும் சூளைகள் என்று பட்டியல் போடுவார்கள். மனப்பாடம் செய்யத் தேவையில்லை, நெருப்பைக் கவனியுங்கள்.

ஷிங்கின் வாரிசு, ஹெபெயின் திங் சூளை. தாங் காலத்தில் விறகு எரித்தார்கள், வெள்ளையில் லேசான நீலச்சாயல் இருந்தது. 10ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு காடு குறைந்து நிலக்கரிக்கு மாறினார்கள். நிலக்கரியின் சுவாலை குட்டை, காற்றும் நிறைய வேண்டும். விளைவு, வெள்ளை யானைத்தந்தத்தின் நிறத்துக்கு மாறியது. எரிபொருள் மாறியதும் ஒரு நாட்டின் ரசனையே மாறிப்போனது. இன்னொன்று, இடத்தை மிச்சப்படுத்தக் கிண்ணங்களைக் கவிழ்த்து அடுக்கிச் சுட்டார்கள். ஒட்டாமலிருக்க விளிம்பில் மெருகைத் துடைத்துவிட வேண்டும். அப்படி வெறுமையான விளிம்புக்குச் செம்பு, வெள்ளி, தங்கப் பட்டை கட்டினார்கள். விளிம்பில் உலோகப் பட்டையோடு யானைத்தந்த நிறக் கிண்ணம் ஒன்றைக் கண்டால் முதல் ஊகம் திங்காக இருக்கட்டும்.

ரூ பீங்கான் ஹெனானின் பாவ்ஃபெங் மாவட்டத்தில், வடசொங் ஆட்சி முடியும் தறுவாயில், 12ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தை ஒட்டி, அரசவைக்காகக் கொஞ்ச காலமே செய்யப்பட்டது. மழை ஓய்ந்த வானம்போல மங்கிய நீலப்பச்சை. முழுசாக எஞ்சியவை நூறுக்கும் குறைவு. 2017இல் ஹாங்காங்கில் ஒரு சின்னத் தூரிகை கழுவும் கிண்ணம் 29 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் ஏலம் போனது.

இனி ஜிங்தேசென். ஜியாங்ஷியில் சாங் ஆற்றங்கரை ஊர், பழைய பெயர் சாங்னான். 1004இல் சென்சொங் பேரரசர் தன் ஆட்சிப்பெயரான 'ஜிங்தே'யை அந்த ஊருக்குக் கொடுத்தார். சுற்றிலும் பீங்கான் கல், ஓடைத் தண்ணீரால் இயங்கும் உலக்கைகள் அதை இடிக்கும், இடித்த மாவை வெள்ளைச் செங்கல்லாக்கிக் குயவருக்கு விற்பார்கள். இரும்பு குறைந்த கல், காற்று குறைந்த விறகு நெருப்பு. இரண்டும் சேர்ந்து வெள்ளைக்கும் நீலத்துக்கும் நடுவில் ஒரு நிறம் வந்தது. செதுக்கிய பூவின் பள்ளங்களில் மெருகு தேங்கி, அங்கே மட்டும் வானநீலமாகத் தெரியும். தெற்கின் நெருப்பும் வடக்கின் வெண்மையும் ஒன்றாகச் சேர்ந்த இடம் இது.

இங்கே ஒரு பொதுத் தவறைத் திருத்திக்கொள்ளுங்கள். கயோலின் என்ற பெயர் ஜிங்தேசென் பக்கத்துக் காவ்லிங் என்ற மேட்டிலிருந்து வந்தது. அதனால் ஆரம்பத்திலிருந்தே சீனப் பீங்கான் கயோலின் கலவை என்று பலர் எழுதுகிறார்கள். தெற்கே வெகுகாலம் பீங்கான் கல் ஒன்றையே பயன்படுத்தினார்கள். கல்லோடு கயோலினையும் கலக்கும் முறை யுவான் காலத்தில்தான் அங்கே நிலைபெற்றது. அலுமினா கூடியதும் பாத்திரம் அதிக வெப்பத்தைத் தாங்கியது, சாயவில்லை. பெரிய ஜாடிகளும் அகன்ற தட்டுகளும் அதனால்தான் சாத்தியமாயின. 1278இல் யுவான் அரசு அங்கே பீங்கானுக்கென்று ஓர் அலுவலகமும் வைத்தது. பாரசீகத்திலிருந்து நீல நிறத்துக்கான கோபால்ட் வந்தது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு ஜோடி நீலவெண் ஜாடிகளில், கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்த செய்தியும் 1351ஆம் ஆண்டும் எழுதியிருக்கின்றன. மற்ற நீலவெண் பாத்திரங்களின் காலத்தை அந்த ஜோடியை வைத்துத்தான் கணித்தார்கள். தொடக்க காலம் அந்த ஜாடிகளோடு முடிகிறது, அதற்குப் பிந்தையது வேறு கதை.

படி 8: உடைந்த விளிம்பைப் பாருங்கள்

இந்தப் பாத்திரங்கள் நம் கடற்கரைக்கும் வந்தன. 1015, 1033, 1077ஆம் ஆண்டுகளில் சோழத் தூதுக்குழுக்கள் சீனா வந்ததாகச் சொங் குறிப்புகள் சொல்கின்றன. ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் சீனப் பச்சைப் பீங்கானும் வெண்பீங்கானும் ஓடுகளாகக் கிடைத்திருக்கின்றன. கங்கைகொண்ட சோழபுரத்திலும் உண்டு. இலங்கையில் மாந்தை அகழாய்வில் கிடைத்தன. யாழ்ப்பாணத்து அல்லைப்பிட்டியில் 1977இல் சொங் காலப் பாத்திரங்கள் வெளிப்பட்டன.

அருங்காட்சியகத்தில் முழுப் பாத்திரத்தைவிட இந்த ஓடுகளையே தேடிப் போங்கள். முழுப் பாத்திரம் தன் மெருகை மட்டும்தான் காட்டும், ஓடு உள்ளே இருப்பதையும் காட்டும். உடைந்த பக்கத்தை உற்றுப் பாருங்கள். மண்பானை ஓட்டில் மணல் மணலாகத் தெரியும். பச்சைப் பீங்கானில் சாம்பல் நிறத்தில் இறுகியிருக்கும், மெருகுக்கும் உடலுக்கும் நடுவே கோடு தெரிகிறதா என்று கவனியுங்கள். நல்ல வெண்பீங்கானின் உடைவு சங்கை உடைத்ததுபோல வழவழவென்று வளைந்து ஓடும். அப்புறம் அடிவளையம்: செம்பழுப்பாகச் சிவந்திருந்தால் மண்ணில் இரும்பு உண்டு, வெளுத்திருந்தால் குறைவு.

கடற்கரையிலோ பழைய மேட்டிலோ நீங்களே ஓர் ஓட்டைக் கண்டால் எடுத்துப் பையில் போடாதீர்கள். கிடந்த இடத்திலேயே பக்கத்தில் ஒரு நாணயத்தை அளவுக்கு வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். எந்த மண் அடுக்கில் கிடந்தது என்பது தெரிந்தால்தான் அந்த ஓட்டுக்கு வயது சொல்ல முடியும்.